நான்கு நெறிகளில் இல்லாத அண்ணன்

எழுத வேண்டியது நாலே வரி. அதற்கு ஒரு முழுத்தாளை எதற்காகக் கொடுத்தார்கள் என்பதுதான் உமையாளுக்கு விளங்கவில்லை. தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே கிடந்த நீளப் பெஞ்சில், தேர்வு அட்டையை மடியில் வைத்து அதன்மேல் அந்தத் தாளைப் பரப்பி, அவள் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மேலே தேதியை எழுதியிருந்தாள். அனுப்புநர் என்று எழுதித் தன் பெயரையும் பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு என்பதையும் எழுதியிருந்தாள். பெறுநர் எழுதியிருந்தாள். மதிப்பிற்குரிய அம்மையீர் என்று எழுதிக் காற்புள்ளியும் இட்டிருந்தாள். அந்தக் காற்புள்ளியைத் தாண்டிப் பேனா நகர மறுத்தது. பொய்யைச் சொல்லச் சொன்னது யார், அழகுநாச்சி தானாகச் சொன்னாளா, நீ சொல்லச் சொல்லிச் சொன்னாளா, அதை மட்டும் எழுது, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் தாள் என் கைக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு வகுப்பாசிரியை சௌந்தரநாயகி டீச்சர் உள்ளே போயிருந்தார். உள்ளே அம்மாவும் இருந்தாள். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைத் தையல் இயந்திரத்தின் ஊசியடியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தவள். முந்தானையில் இரண்டு நூல் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்ததை உமையாள் பார்த்தாள், எடுத்துவிட எழுந்தாள், அதற்குள் கதவு மூடிவிட்டது. அந்த நூலோடு அம்மா தலைமையாசிரியையின் எதிரே உட்கார்ந்திருப்பாள் என்ற நினைவு, நாச்சியைப் பற்றிய நினைவையும் சேவுகனைப் பற்றிய நினைவையும் விட அதிகமாக உறுத்தியது. என்ன மனம் இது. வீடு பற்றி எரியும்போது வாசற்கோலம் கலைந்ததற்கு வருந்துகிற மனம்.

நடந்தது இவ்வளவுதான், இதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம், சொல்ல விட்டால். வெள்ளிக்கிழமை மாலை சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்தில் உமையாளும் அவள் வகுப்பில் படிக்கும் சேவுகனும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பத்தடி தள்ளி அவள் தோழி அழகுநாச்சி நின்றாள், காவலுக்கு நிற்பவள்போல, புளியங்காயைக் கடித்துக்கொண்டு. டீச்சர் அந்த வழியாக வந்தவர் நேரே நாச்சியிடம் போய், இவர்கள் இருவரும் என்ன என்று கேட்டார். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டிருந்தால் நாச்சி உண்மையையே சொல்லியிருப்பாள். அவளுக்கு அது அலுத்துப்போன உண்மை. என்ன என்று கேட்டால் இந்த ஊரில் அதற்கு உறவுமுறைதான் பதில். நாச்சி கண்ணிமைக்காமல் சொன்னாள்: ரெண்டு வீட்டுக்கும் ஒரே குலசாமி டீச்சர், பங்காளி வீடு, அவன் இவளுக்கு அண்ணன் முறை. டீச்சர் தலையசைத்துப் போய்விட்டார். அத்தோடு முடிந்திருக்கும். சனிக்கிழமை அவர் உமையாளின் அம்மாவோடு தொலைபேசியில் பேசி, பேச்சோடு பேச்சாக அதையும் கேட்டுவைத்தார். அம்மாவுக்கு உறவு சொல்வதென்றால் உயிர். கல்யாண வீடுகளில் யாருக்கு யார் என்ன வேண்டும் என்று தகராறு வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள், ஒருநாளும் பிசகியதில்லை. எந்த வீட்டுப் பையன் என்று கேட்டு, அப்பன் பெயரைக் கேட்டு, அப்பனின் தாய் பிறந்த ஊரைக் கேட்டு, மகிழ்ச்சியோடு சொன்னாளாம்: அவுக குலசாமி வேற டீச்சர், நமக்குப் பங்காளி ஆக மாட்டாக, வகையாப் பாத்தா அந்தப் பையன் எம் மகளுக்கு மாமன் மகன் முறைல்ல ஆகுது. கட்டிக்கொள்ளும் முறை. நாச்சி காப்பாற்றுவதற்காக ஒரு பொய் சொன்னாள், அம்மா மறைக்க ஒன்றுமில்லாததால் ஓர் உண்மை சொன்னாள், இரண்டும் சேர்ந்து, ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு குற்றத்தை நிறுத்திவிட்டன. யாரைக் கோபித்துக்கொள்வது. கோபம் மட்டும் இருக்கிறது, உட்கார இடம் இல்லாமல் நெஞ்சுக்குள் நின்றுகொண்டே இருக்கிறது.

நாச்சி தானாகச் சொன்னாள் என்று எழுதினால் நாச்சி போய்விடுவாள். போன மாதம்தான் விடுதிச் சுவரேறிப் பொருட்காட்சிக்குப் போய் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இரண்டாவது கடிதத்துக்கு இடமில்லை, விடுதியை விட்டு அனுப்பிவிடுவார்கள், அனுப்பினால் அவளுடைய அப்பா அத்தோடு படிப்பை நிறுத்திவிடுவார், அதை அவரே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். நான்தான் சொல்லச் சொன்னேன் என்று எழுதினால், பெற்றவளை வைத்துக்கொண்டே டீச்சர் சொல்லிவிட்டார், வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், பெண்கள் பள்ளியாகப் பார்த்துச் சேருங்கள். ஆக இரண்டு பதில். ஒன்று நாச்சியைக் கொண்டுபோகும், ஒன்று சேவுகனைக் கொண்டுபோகும். எந்தத் தேர்விலும் இப்படி ஒரு வினா வந்ததில்லை. பள்ளிக்கூடம் கூட்டும் பொன்னழகு அக்கா துடைப்பத்தோடு வந்து காலைத் தூக்கச் சொன்னாள். உமையாள் தூக்கினாள். அக்கா பெஞ்சுக்கு அடியில் கூட்டிக்கொண்டே தாளை எட்டிப் பார்த்து, "என்ன தாயி, கலெக்டருக்கு மனுவா? விருந்தாளிய வாசல்ல நிப்பாட்டுன மாதிரி அம்மையீரோட நிக்கிது" என்றாள். சிரிப்பு வந்தது. உமையாள் சிரித்தபடியே தாளைக் கையால் மூடிக்கொண்டாள். அக்கா அதைக் கண்டுகொண்டு வேகமாகக் கூட்டி நகர்ந்துவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து வேதியியல் சமன்பாடு ஒன்றை எல்லாரும் ஒரே குரலில் சொல்லும் ஓசை வந்தது. இரு பக்கமும் சமமாக வேண்டும், ஒரு பக்கம் குறைந்தால் அது சமன்பாடே ஆகாது என்று அங்கே யாரோ சத்தமாக அதட்டிக்கொண்டிருந்தார்.

அவன்கிட்ட என்னடி அப்படி இருக்கு, என்கிட்ட இல்லாதது? ஒரு மாதத்துக்கு முன் நாச்சி கேட்டாள், பேன் பார்த்துக்கொண்டே, தலையைக் குனிய வைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்பதற்காகவே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தவள்போல. அன்று உமையாள் சும்மா இருடி என்றாள். சும்மா இருக்கச் சொன்னதில் நாச்சிக்கு எது புரிந்ததோ, அன்று மாலை முழுவதும் பேசவில்லை. பதில் இப்போது வருகிறது, கேட்டவள் பக்கத்தில் இல்லாதபோது, தாளுக்கு உதவாத பதில். ஒன்பதாம் வகுப்பில், வீட்டுக்குப் போகும் வழியில், பாவாடையில் கறை பட்டதை முதலில் கண்டவள் நாச்சி. ஒன்றும் சொல்லவில்லை. திடீரெனப் பின்னால் வந்து இரண்டு தோளிலும் கையை வைத்து, ரயில் வண்டி விளையாட்டு விளையாடுகிறவள்போல ஒட்டிக்கொண்டே கடைத்தெரு முழுவதும் நடந்து வந்தாள். நாலு பேர் பார்த்துச் சிரித்தார்கள், எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதை நாச்சிதான் தீர்மானித்தாள், கறையை அல்ல, கழுதை வயதில் ரயில் விளையாடும் இரண்டு பெண்களை. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் காதில் சொன்னாள். மார்கழியில் விடுதிப் பெண்கள் வரிசையாகக் கோயிலுக்குப் போகும்போது உமையாள் வீட்டு வாசலில் மட்டும் அந்த வரிசை குலையும். கும்பகர்ணன் தங்கச்சி எந்திரிச்சாச்சா என்று தெருவெல்லாம் கேட்க நாச்சி கூவுவாள். பனியில் அவளுடைய மூக்கு நுனி சிவந்திருக்கும், அவள் கையைப் பிடித்துக்கொண்டால்தான் குளத்துப் படி குளிராது. இப்படி ஒருத்தி இருந்தால் உடம்பு என்பது பயமாக இராது. சேவுகனிடம் இதில் ஒன்றையும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமென்று தோன்றியதும் இல்லை. ஆனால் நாச்சியிடம் மனசு சரியில்லை என்றால், வா தட்டுவடை வாங்கித் தாரேன் என்பாள். ஏன் சரியில்லை என்று கேட்க மாட்டாள். துக்கம் என்பது அவளுக்கு முள். பார்த்தால் பிடுங்க வேண்டும், பிடுங்கி எறிந்துவிட்டு நடக்க வேண்டும். அதை உள்ளங்கையில் வைத்து, எத்தனை நீளம், எந்த மரத்து முள் என்று பார்க்கும் பொறுமை அவளுக்கு இல்லை.

சேவுகனுக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் ஓதுவார் ஐயா நடத்தும் பதிக வகுப்பில்தான் பேச்சுத் தொடங்கியது. ஐயா ஒருநாள் நான்கு நெறிகளை எடுத்துச் சொன்னார். ஆண்டவனிடம் அடிமையாய் நிற்பது ஒன்று, மகனாய் நிற்பது ஒன்று, தோழனாய் நிற்பது ஒன்று, ஞானத்தால் ஒன்றி நிற்பது ஒன்று. தோழமை நெறியில் நின்ற அடியவர், ஆண்டவன் தன் கண்ணொளியைப் பறித்தபோதும் அவனை ஒத்த வயதினனை ஏசுவதுபோல ஏசினார் என்று சொன்னபோது ஐயாவின் குரல் தழுதழுத்தது. வகுப்பு முடிந்து செருப்பைத் தேடும் இடத்தில் சேவுகன் யாரிடமென்று இல்லாமல் கேட்டான்: கண்ணப் பறிச்ச ஆள எப்படித் தோழன்னு சொல்றது? உமையாள்தான் திரும்பினாள். தோழன் என்பதால்தானே ஏச முடிந்தது, அடிமை ஏசுவானா என்றாள். அப்போ ஏசுறதுக்கு உரிமை வேணும்னா கண்ணக் குடுக்கணுமா என்றான். அந்த வாக்குவாதம் மூன்று வாரம் நடந்தது. யாரும் யாரையும் வெல்லவில்லை. மூன்று வாரமும் உமையாள் தன் முகத்தில் பரு இருப்பதை மறந்திருந்தாள். தான் உயரம் என்பதை மறந்து கூன் போடாமல் நின்றாள். அவன் அவளிடம் எதிர்பார்த்தது அடுத்த விடை ஒன்றைத்தான். பிறகு ஒருநாள், மழைக்காக ஒதுங்கி நின்றபோது, அவனுடைய அப்பா ஆறு மாதமாக வீட்டில் ஒருவரோடும் பேசுவதில்லை என்று சொன்னான், சோறு போடு என்பதைக்கூடத் தட்டைத் தட்டித்தான் சொல்வார் என்றான், சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதான். அவள் அவனைப் பார்க்காமல் மழையைப் பார்த்தாள். அவனுடைய கூட்டாளிகளுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றான். கழுத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் கண்மாயில் தள்ளினார்களாம், பொழுது சாயும்வரை நீந்தினார்களாம். "அவனுங்களோட இருந்தா மறந்துரும். ஒன்கிட்டச் சொன்னா மறக்காது, ஆனா வலிக்காது. ரெண்டும் வேணும்ல" என்றான். ரெண்டும் வேணும்ல. பதினாறு வயதில் ஒரு பையனுக்குத் தெரிந்த இந்த விஷயம், இந்தக் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மூன்று பெரியவர்களுக்கு ஏன் தெரியவில்லை.

ஆனால் அவர்கள் நினைப்பது சரியாக இருந்துவிட்டால். இந்தப் பயம் வெள்ளிக்கிழமை வரை இல்லை. அம்மா முறை சொன்ன பிறகு வந்தது. மாமன் மகன் என்ற சொல் வந்து விழுந்தவுடன், பார்த்துப் பழகிய முகத்தில் புதிதாக ஒரு பொட்டு வைத்ததுபோல ஆகிவிட்டது. அவனுடைய கையெழுத்து பிடிக்கும், அது உண்மை. ஞாயிற்றுக்கிழமை அவன் வராவிட்டால் பதிகம் நீளமாகத் தோன்றும், அதுவும் உண்மை. ஆனால் ஊருக்குப் போன நாச்சி மூன்று நாள் கழித்து வந்தபோது உமையாள் பேருந்து நிலையம் வரை ஓடியிருக்கிறாள், ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள்; அதற்கு யாரும் தாள் கொடுத்து எழுதச் சொல்லவில்லை. எது எவ்வளவு இருந்தால் எந்தப் பெயர் வரும். உள்ளே தேடிப் பார்த்தாள். காதல் இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை, இருக்கிறது என்று சொல்ல ஒரு சான்றும் கிடைக்கவில்லை. இவர்கள் தேடச் சொல்லும்வரை அங்கே தேட ஒன்றும் இருந்ததில்லை என்பதே ஆத்திரமாக வந்தது. யாரோ வந்து, உன் வீட்டில் பாம்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பாம்பு இருக்கிறதோ இல்லையோ, இனிமேல் விளக்கில்லாமல் கால் வைக்க முடியாது.

இதையெல்லாம்விடப் பெரிய ஆத்திரம் ஒன்று இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தாளே தவிர அதன்மேல் கால் படாமல் பார்த்துக்கொண்டாள். இனி அதையும் மிதித்துத்தான் ஆக வேண்டும். சேவுகன் எழுதிக் கொடுத்துவிட்டான். அரை மணி நேரத்துக்கு முன் இதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, இரண்டு நிமிடத்தில், மடமடவென்று. டீச்சர் வாங்கி உரக்கப் படித்தார்: உமையாள் எனக்கு உடன்பிறவாத் தங்கை, அவளை என் தங்கையாகவே மதித்து நடப்பேன் என்று உறுதி கூறுகிறேன். ஒரு சொல் அடித்துத் திருத்தவில்லை. பையன்களிடம் அதற்கென்று ஒரு பாடம் இருக்கிறது, அண்ணன்மார் தம்பிமாருக்குச் சொல்லிக் கொடுப்பது. வருகைப் பதிவுக்கு உள்ளேன் ஐயா சொல்வதுபோலச் சொல்லிவிட்டு ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். அவளைத் தாண்டிப் போகும்போது புருவத்தை லேசாக உயர்த்தினான், அவ்வளவுதான் முடிஞ்சது என்பதுபோல. அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்திருப்பான். நாச்சியும் அப்படித்தான் நினைத்தாள். எல்லாரும் காப்பாற்றுகிறார்கள், அண்ணன் தங்கை என்ற ஒரே குடையை விரித்து. அடிமை, மகன், தோழன், ஞானி என்று நான்கு நெறிகளை வகுத்தவர்களுக்கு அண்ணன் என்ற நெறி ஏன் தோன்றாமல் போயிற்று. அண்ணன் என்றால் சீர் கொண்டுவருவான், பொங்கலுக்கு வருவான், வராவிட்டால் சண்டை வரும். அண்ணனிடம் யாரும் மூன்று வாரம் வாதாடிக்கொண்டிருப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையில் சுற்றமும் நட்பும் சூழ என்று அச்சடிக்கிறார்கள். அம்மாவின் கல்யாணப் படங்களில் உமையாள் தேடியிருக்கிறாள், ஒவ்வொரு முகமாகக் காட்டி இது யார் இது யார் என்று கேட்டிருக்கிறாள். பெரியத்தா, சின்னத்தா, அயித்தை, மாமா. படம் முழுவதும் சுற்றம். நட்பு ஒருவர்கூட இல்லை. நீ படிச்சப்போ உனக்குக் கூட்டாளி இல்லையா என்று கேட்டதற்கு, இருந்தாக, அவுகள எந்த முறையில கூப்பிடுறது என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு ஆல்பத்தை மூடினாள்.

பேனாவைத் திறந்தாள். சமன்பாடு சொல்லும் குரல்கள் ஓய்ந்திருந்தன. மணிக்கு இன்னும் சிறிது நேரமே இருக்கும். கை எழுதத் தொடங்கியபோது மனம் வேறெங்கோ இருந்தது, கடைத்தெருவில், இரண்டு தோளிலும் இரண்டு கை அழுத்த. வெள்ளிக்கிழமை அழகுநாச்சி தங்களிடம் சொன்ன பொய்யை அவளைச் சொல்லச் சொன்னவள் நான்தான். அவள் மறுத்தாள், நான் வற்புறுத்தினேன். அவள்மேல் தவறில்லை. சேவுகன் எனக்கு அண்ணன் அல்லன், தோழன். இப்படிக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மூன்று வரி முழுப் பொய், ஒரு வரி முழு மெய். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள், ஆகவில்லை. கதவு திறந்தது. டீச்சர் வந்து தாளை வாங்கி, நின்றபடியே படித்து, கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு உள்ளே போனார். சிறிது நேரத்தில் அம்மா மட்டும் வெளியே வந்தாள், அதே தாளோடு. பெஞ்சில் உட்கார்ந்தாள். முந்தானையில் நூல் இப்போதும் இருந்தது. எடுத்துவிட வேண்டும் என்று உமையாளுக்குத் தோன்றவே இல்லை.

தலைமையாசிரியை இரங்கிவிட்டார் என்று அம்மா மெல்லச் சொன்னாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை, நாச்சியை விட்டுவிடலாம், இவளையும் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டாம், கடைசி வரியை அடித்துவிட்டு அண்ணன் என்று மாற்றி எழுதிக் கொடுத்தால் போதும், அந்தப் பையனே எழுதிக் கொடுத்துவிட்டானே என்றாராம். சொல்லிவிட்டுத் தாளை அட்டையின்மேல் வைத்தாள். பேனாவையும் எடுத்துக் கொடுத்தாள். உமையாள் வாங்கவில்லை.

"ஒரு வரிதான ஆத்தா."

"மாட்டேம்மா."

அம்மா கதவைப் பார்த்தாள். பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். "நாச்சிய நீ சொல்லச் சொல்லல. எனக்குத் தெரியும். ஒனக்கு அந்தத் துப்பு கெடையாது. அம்புட்டுப் பொய்ய எழுதுன கைக்கு இந்த ஒரு பொய்ய எழுத வரலையா?"

"அத எழுதுனா நாச்சி படிப்பா. இத எழுதுனா சேவுகன்னு எனக்கு ஒருத்தன் இருந்ததே இல்லன்னு ஆயிரும்."

"அவன் எழுதிட்டானே."

"அது அவன் எழுதுனது."

அம்மா அந்தக் கடைசி வரியைப் பார்த்தாள். உறவு சொல்வதில் ஒருநாளும் பிசகாத அந்த வாய் எதையோ தேடிப் பார்ப்பதுபோல லேசாக அசைந்து நின்றது. கெஞ்சுவாள் என்று உமையாள் காத்திருந்தாள். அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அம்மா பேனாவை மூடி மகளின் சட்டைப் பையில் செருகினாள். தாளை எடுத்து, எழுத்து கசங்காமல் நீளவாக்கில் மடித்தாள், தைக்கப்போகும் துணியை மடிப்பதுபோல. எழுந்து கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். கதவை முழுவதும் சாத்தவில்லை. இது இப்படியே இருக்கட்டும் டீச்சர், அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் இருக்கு, என்று அம்மா கேட்பது பெஞ்சுவரை கேட்டது.